காவலில் இருப்பவரைக் கைபேசி வழியாகத் தொடர்வது: முதல்முறை நீதிமன்றம் செல்லும் குடும்பங்களுக்கு

"அக்கா, வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரும்?"

சிங்கப்பூர் ஹேவ்லாக் ஸ்குவேரில், அரசு நீதிமன்றங்கள் இருக்கும் இரட்டைக் கோபுரத்துக்கு வெளியே ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், கட்டுமான வேலை. ஒரே அறையில் தங்கியிருந்த நண்பரை முந்தின நாள் மதியம் போலீஸ் பிடித்திருந்தது. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, காலை ஏழரை மணியிலிருந்து வாகனங்கள் நுழையும் வழியையே பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டு "பார்த்தேன் அம்மா, நல்லா இருக்கான்" என்று சொல்லிவிடலாம் என்பது அவர் நினைப்பு.

நண்பர் அன்று வண்டி ஏறவே இல்லை. போலீஸ் லாக்கப்பில் இருந்தபடியே வீடியோ இணைப்பில் நீதிபதி முன் வந்தார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரம் முழுக்க இந்தத் தம்பி வெளியே நின்றுகொண்டிருந்தார். அடுத்த தேதி எது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. என் சொந்தத் தம்பியின் வழக்குக்காகப் பழைய எண்கோண நீதிமன்றக் கட்டடத்துக்கு நடையாய் நடந்தவள். அதற்கப்புறம், கோயிலிலும் எங்கள் புளோக்கிலும் தெரிந்தவர்கள் "கொஞ்சம் கூட வாங்களேன்" என்று கேட்கும்போதெல்லாம் போய்வருகிறேன். இத்தனை குடும்பங்களோடு போனதில் ஒன்று புரிந்தது. காவலில் இருப்பவர் போலீஸ் லாக்கப், நீதிமன்ற லாக்கப், சாங்கிச் சிறை என்று கைமாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதிகாரிகளிடம் பதிவு இருக்கும். குடும்பத்திடம் எதுவும் இருக்காது. அந்தப் பதிவை நாமும் வைத்திருக்க ஒரு கைபேசி போதும். அதில் எப்போதும் மேலே இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்த தேதி.

முதல் தகவல் வந்ததும்

குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அழுகையை அடக்கிக்கொண்டு எழுதக்கூடியவராக இருக்கட்டும். வயதில் பெரியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. விசாரணை அதிகாரியிடம் பேசுவது இனி அவர் மட்டும்தான். நான் கூடப் போன ஒரு வீட்டில் அண்ணன், அக்கா, சித்தப்பா மூவரும் தனித்தனியாக அதிகாரிக்கு ஃபோன் செய்தார்கள். மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று விதமான நீதிமன்ற நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒருவர் தன் கைபேசியில் ஒரு குறிப்புப் பக்கம் திறக்கட்டும். எழுத வேண்டியவை இவை:

- அடையாள அட்டையிலோ கடப்பிதழிலோ (பாஸ்போர்ட்) உள்ளபடி முழுப்பெயர், எழுத்துக்கு எழுத்து. கூடவே அடையாள எண்.
- பிடித்தது யார்: போலீஸா, மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவா, குடிநுழைவு ஆணையமா, மனிதவள அமைச்சா. போலீஸ் என்றால் எந்தப் பிரிவு.
- விசாரணை அதிகாரியின் பெயர், அலுவலக எண், மின்னஞ்சல்.
- புகார் எண்.
- எப்போது, எந்த இடத்தில் கைது நடந்தது.

அடையாள எண்ணை உறவினர் குழுவில் போடாதீர்கள். இந்தப் பக்கத்தை இன்னும் ஒரே ஒருவரோடு மட்டும் பகிர்ந்தால் போதும், உங்கள் ஃபோன் தொலைந்துபோனால் உதவும்.

அதிகாரியிடம் பேசும்போது "என்ன தப்பு செய்தான்?" என்று ஆரம்பிக்காதீர்கள். விசாரணை நடக்கும்போது அவர் அதிகம் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக மருந்து பற்றிப் பேசுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மனநல மாத்திரை எதுவாக இருந்தாலும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துப் பையின் மேல் ஒட்டியிருக்கும் பலதுறை மருந்தகச் சீட்டைப் படம் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று கேளுங்கள். மருந்தின் பெயரை வாயால் சொன்னால் எழுத்து தவறும். படத்தில் தவறாது.

ஒரு ஃபோன் செய்ய விடுவார்கள், அவரே கூப்பிடுவார் என்று பலரும் காத்திருக்கிறார்கள். இங்கே அப்படி உடனடி உரிமை கிடையாது. அதிகாரி அனுமதித்தால்தான் பேச முடியும். அழைப்பு வரவில்லை என்பதற்காக ஏதோ மோசமாக நடந்துவிட்டது என்று நினைத்துப் பதற வேண்டாம்.

அவருடைய கைபேசியைத் தொடாதீர்கள்

கைதானவரின் ஃபோனைப் பெரும்பாலும் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் அவருடைய மடிக்கணினியோ பழைய ஃபோனோ இருக்கும். அதில் அவர் வாட்ஸ்அப் திறந்தே இருக்கும். "வேண்டாததை அழித்துவிடுவோம்" என்று யாருக்காவது தோன்றும். தொலைவிலிருந்தே ஃபோனைச் சுத்தமாக்கும் வசதியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தயவுசெய்து செய்யாதீர்கள். நீதியின் போக்கைத் தடுப்பது தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவின் கீழ் தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை உண்டு. பாசத்தில் ஒருவர் அழிக்கிற நான்கு செய்திகளால் ஒரு வீட்டில் இரண்டு பேர் நீதிமன்றத்தில் நிற்க நேரலாம்.

48 மணி நேரம்

சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கைது செய்யப்பட்டவரை விடுவிக்கவில்லை என்றால், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. நேரில் நிறுத்தலாம், வீடியோ இணைப்பு வழியாகவும் நிறுத்தலாம் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. புதுக்கோட்டைத் தம்பி வண்டிக்காகக் காத்திருந்து ஏமாந்ததன் காரணம் இந்த ஒரு வரிதான்.

ஆகவே, கைதான நேரத்தைக் குறித்துக்கொண்டு, கைபேசியில் 48 மணி நேரத்துக்கு ஓர் அலாரம் வையுங்கள். அதற்குள் பொதுவாக அவர் ஜாமீனில் வெளியே வந்திருப்பார், அல்லது நீதிமன்றத்தில் முன்னிறுத்தப்பட்டிருப்பார். அதிகாரியிடம் மூன்று கேள்விகள் போதும்: எந்த நாள், எந்த நீதிமன்றம், நேரிலா வீடியோவிலா? பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் அதே 9ஆவது பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் கைதான நிமிடமே வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நியாயமான கால அவகாசத்துக்குள் சந்திக்கலாம் என்பதே நடைமுறை. காசு இல்லை என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பரில் தொடங்கிய, குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் அரசின் பொதுத் தற்காப்பு அலுவலகம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பு நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டமும் இருக்கிறது. இரண்டுக்கும் தகுதி பார்ப்பார்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே தொடங்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் புரோ போனோ எஸ்ஜியிடமும், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகளிடமும் கேட்கலாம். இந்தியக் குடிமகன் என்றால் இந்தியத் தூதரகத்துக்கும் தெரிவிக்கும்படி கேளுங்கள்.

பெயரைத் தேடும் வழி

நீதித்துறையின் இணையத்தளத்தில் வழக்கு விசாரணைப் பட்டியல் இருக்கிறது. கைபேசியிலேயே திறக்கும், உள்நுழைய எதுவும் வேண்டாம். பெயரையோ வழக்கு எண்ணையோ போட்டுத் தேடினால் நாள், நேரம், நீதிமன்ற அறை எண் கிடைக்கும்.

நம் ஆட்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பெயர்கள் அப்படி. இங்கே பிறந்தவர் என்றால் நடுவில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்) வரும். ஊரிலிருந்து வந்தவர் என்றால் கடப்பிதழில் அப்பா பெயர் முன்னால் இருக்கும், சில சமயம் தாத்தா பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. ஒரு அம்மா 'செந்தில்' என்று தேடிக்கொண்டே இருந்தார். பட்டியலில் மகன் வேறு பெயரில் இருந்தார், ஏனென்றால் அடையாள அட்டையில் 'செந்தில்' என்ற சொல்லே இல்லை. அதனால்தான் முதல் நாளே முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்து குறிக்கச் சொன்னேன். முழுப்பெயரில் வரவில்லை என்றால் அப்பா பெயரை மட்டும் போட்டுப் பாருங்கள். பட்டியலில் அரசுத் தரப்பின் பெயர் முதலில் இருக்கும், நம்மவர் பெயர் அதற்கு அடுத்து.

புதிதாகக் கைதானவரின் முதல் முன்னிறுத்தலை இந்தப் பட்டியலை மட்டும் நம்பித் தவறவிடாதீர்கள். அதற்கு விசாரணை அதிகாரியின் வார்த்தைதான் ஆதாரம். வழக்கு எண் ஒரு முறை கிடைத்துவிட்டால் பெயரை விட்டுவிடுங்கள். இனி எண்ணைப் போட்டே தேடலாம். போகிற நாளுக்கு முந்தின மாலை ஒரு தடவை, அன்று காலை கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள். அறை மாறியிருக்கலாம். என் தம்பி வழக்கில் நான் அறை எண்ணைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் தவறான நீதிமன்றத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து, நின்று, திரும்பிப் பார்த்து, யாரும் இல்லையென்று போய்விட்டான். இத்தனை வருடம் ஆகியும் அது எனக்கு வலிக்கிறது.

நீதிமன்றத்தில்

சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் கோபுரங்கள் தெரியும், 35 மாடி. பாதுகாப்புச் சோதனை இருக்கிறது, வரிசை இருக்கும். ஒன்பது மணிக்கு என்றால் எட்டே காலுக்கு அங்கே இருங்கள்.

காவலில் உள்ளவர்கள் பொதுமக்கள் நடக்கும் வழியில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனி வாசல், தனி மின்தூக்கி, தனி லாக்கப். வண்டி நுழைகிற இடத்தில் நின்று கையாட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். நீங்கள் அவரைப் பார்க்கப்போகும் இடம் நீதிமன்ற அறைதான். அங்கேயும் பேச முடியாது, எதையும் கொடுக்க முடியாது. கண்ணால் பார்க்கலாம். அதற்காகவே முன்வரிசைக்குப் பக்கத்தில், அவர் தலையைத் திருப்பினால் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் முதலில் தேடுவது குடும்பத்து முகத்தைத்தான்.

கைபேசியை ஓசையில்லாமல் வைத்துவிடுங்கள். ஒலிப்பதிவு, படம், வீடியோ எதுவும் கூடாது. நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அனுமதியில்லாமல் பதிவு செய்வது அதன்படி நீதிமன்ற அவமதிப்பு. ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காட்டத்தானே என்று ஃபோனைத் தூக்காதீர்கள். வீடியோ வழியாக நடக்கும் விசாரணையைத் திரையில் பதிவு செய்வதற்கும் இதே விதிதான்.

எழுதுவதற்குத் தடையில்லை. நீதிபதி சொல்வதில் இவற்றைப் பிடியுங்கள்: அடுத்த தேதி, நேரம், அறை, ஜாமீன் உண்டா, எவ்வளவு வெள்ளி (டாலர்), ஜாமீன் இல்லையென்றால் எங்கே வைக்கப்போகிறார்கள். மேல்விசாரணைக்காகப் போலீஸ் காவலில் வைக்க உத்தரவிட்டால் அது ஒரு தடவைக்கு 8 நாளுக்கு மேல் போகாது, அதன்பின் மறுபடி நீதிமன்றம் வர வேண்டும். மனநலப் பரிசோதனைக்காக மூன்று வாரம் வைப்பதாகச் செய்திகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அப்படி உத்தரவு வந்தால் பயந்துவிடாதீர்கள், பல வழக்குகளில் அது நடக்கும். ஏதாவது காதில் விழவில்லையென்றால், வெளியே வந்ததும் வழக்கறிஞரிடமோ விசாரணை அதிகாரியிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நினைவில் இருக்கிறது என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.

முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அவகாசம் கேட்கலாம். இதைக் கைதானவருக்கு முன்கூட்டியே சொல்ல வழி கிடைத்தால் சொல்லுங்கள்.

திரையில் தெரிகிற முகம்

வீடியோ இணைப்பு முதலில் தொற்றுக்காலத்து ஏற்பாடு என்றுதான் பலரும் நினைத்தோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 281ஆவது பிரிவில் அதற்கு முன்பே இடம் இருந்தது. 2020க்குப் பிறகு அது அன்றாடமாகிவிட்டது. 2020 மே மாதத்தில் ஒரு மரண தண்டனைத் தீர்ப்பே ஸூம் வழியாக வாசிக்கப்பட்டது. தண்டனை பெற்றவர் மலேசியத் தமிழர். 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

வீடியோவில் நன்மை இருக்கிறது. என் தம்பி சொல்லியிருக்கிறான்: விடிவதற்கு முன் எழுப்பி, கைவிலங்கு போட்டு, சன்னல் சிறிதான வண்டியில் ஏற்றி, நீதிமன்ற லாக்கப்பில் பலரோடு உட்கார வைத்து, சில நிமிட விசாரணைக்காக ஒரு நாள் முழுக்க இழுத்தடிக்கும். திரும்பி வரும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்குமாம். அந்தப் பயணம் இல்லாமல் போவது பெரிய விஷயம்தான்.

ஆனால் இழப்பும் இருக்கிறது, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். திரையில் இருப்பவருக்கு நீதிமன்ற அறை முழுவதும் தெரியாது. அம்மா வந்திருக்கிறாரா என்று அவரால் பார்க்க முடியாது. ஒலி அரை நொடி பிந்தி வரும். கேள்வி முடியும் முன்பே அவர் பதில் சொல்ல ஆரம்பிப்பார், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். இந்த இடத்தில் நம் தமிழ் ஆட்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் வருகிறது.

நம்மில் பலர், பெரிய அதிகாரி பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு தடவை "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்வோம். அதன் பொருள் 'நீங்கள் பேசுவது காதில் விழுகிறது' என்பது மட்டும்தான். ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஊரில் அது மரியாதை. நீதிமன்றத்தில் அது சம்மதமாகக் கேட்கலாம். நேரில் நின்றால் முகத்தில் குழப்பம் தெரியும், மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி மறுபடி கேட்பார். சின்னத் திரையில் முகக்குழப்பம் எளிதில் தெரியாது. ஆகவே காவலில் இருப்பவரைச் சந்திக்கும்போதோ கடிதத்திலோ மூன்று விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

முதலாவது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது அவர் உரிமை, காசு கிடையாது. வேலை செய்யுமிடத்து ஆங்கிலம் தெரியும் என்பதற்காக விட்டுவிட வேண்டாம். "கேன், கேனாட்" போதுமான ஆங்கிலம் இல்லை. இரண்டாவது, கேட்கவில்லையென்றால் கையை உயர்த்தி "கேட்கவில்லை" என்று உடனே சொல்ல வேண்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மூன்றாவது, கேள்வி முழுவதும் முடிந்து, ஒரு மூச்சு விட்ட பிறகு, முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். "புரிந்தது" என்றால் "புரிந்தது". "ஒப்புக்கொள்ளவில்லை" என்றால் "ஒப்புக்கொள்ளவில்லை". "சரிங்க" மட்டும் வேண்டாம்.

வழக்கறிஞர் இருந்தால், விசாரணை தொடங்கும் முன் தனியாகப் பேச இணைப்பு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

ஜாமீன்

இங்கே ஜாமீன்தாரராக நிற்பவர் பொதுவாக 21 வயதாகிய குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அவர் திவாலானவராக இருக்கக்கூடாது. அவர்மீதே வழக்கு இருக்கக்கூடாது. வேலை அனுமதியில் வந்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய சுவர். அறையில் இருபது நண்பர்கள் இருந்தாலும் ஒருவராலும் நிற்க முடியாது. முதலாளி முன்வந்தால் உண்டு.

நிற்கப்போகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பணம் கட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சட்டப்படி அவர் தினமும் அந்த நபரோடு தொடர்பில் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். நீதிமன்றத் தேதிகளில் அவர் வருவதையும், அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகாமல் இருப்பதையும் உறுதி செய்ய வேண்டும். தவறினால் பணம் போகலாம்.

தினமும் தொடர்பு என்பதைக் கைபேசியில் ஒரு பழக்கமாக்கிவிடுங்கள். எங்கள் புளோக்கில் ஒரு மாமா தன் மருமகனுக்கு ஜாமீன் நின்றார். இரவு ஒன்பது மணிக்கு மருமகன் ஒரு குரல் செய்தி அனுப்புவான், "மாமா, வீட்டில்தான் இருக்கேன், சாப்பிட்டாச்சு" என்று. ஒன்பதரைக்கு வரவில்லையென்றால் மாமா கூப்பிடுவார். எடுக்கவில்லையென்றால் பத்து மணிக்கு நேரில் போய்க் கதவைத் தட்டுவார். எட்டு மாதம் இப்படியே நடந்தது. எழுத்துச் செய்தியைவிடக் குரல் நல்லது, யார் ஃபோனைப் பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும். அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். தானாக மறைந்துபோகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நீதிமன்றத் தேதிக்கு ஒரு வாரம், ஒரு நாள், மூன்று மணி நேரம் முன்பு என்று மூன்று நினைவூட்டல்களை இருவர் ஃபோனிலும் வையுங்கள்.

ஜாமீன்தாரருக்கு "பணம் போனால் நான் தந்துவிடுகிறேன்" என்று இழப்பீட்டு ஒப்பந்தம் செய்துகொள்வது குற்றம். காசு வாங்கிக்கொண்டு நிற்கிறேன் என்று வருகிறவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். 2018இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஜாமீன் நிபந்தனையாக மின்னணுக் கண்காணிப்புப் பட்டையைக் காலில் அணியும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படி வந்தால் அதன் மின்னூட்டத்தைக் கவனிப்பதும் தினக்கடமை.

இந்த நேரத்தில்தான் மோசடிக்காரர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். "உங்கள் மகனை விட வேண்டுமானால் இந்த எண்ணுக்கு இப்போதே பேநவ்வில் பணம் அனுப்புங்கள்" என்று சீருடையோடு வீடியோ அழைப்பில்கூட ஒருவர் தோன்றலாம். எந்த அரசு அதிகாரியும் ஃபோனில் பணம் அனுப்பச் சொல்லமாட்டார். ஜாமீன் பணம் நீதிமன்றம் சொல்லும் முறையில்தான் போக வேண்டும். 2024 ஜூலை முதல் அரசாங்கக் குறுஞ்செய்திகள் 'கவ்.எஸ்ஜி' என்ற ஒரே அனுப்புநர் பெயரில்தான் பெரும்பாலும் வருகின்றன. சந்தேகம் வந்தால் மோசடி பற்றிய உதவி எண்ணான 1799க்கு அழையுங்கள்.

சாங்கியில் இருக்கும்போது

ஜாமீன் கிடைக்காதவர்கள் சாங்கி சிறை வளாகத்துக்குப் போவார்கள். வளாகம் பெரியது. உள்ளே பல சிறைகள். பெண்களுக்குத் தனி. சாலையில் போகும்போது 1936இல் கட்டிய பழைய சிறையின் வாசலும் மதிலும் தெரியும். அது இப்போது தேசிய நினைவுச்சின்னம், சந்திப்புக்கான வாசல் அதுவல்ல. அவர் எந்தச் சிறையில் இருக்கிறார், கைதி எண் என்ன என்ற இரண்டையும் குறிப்புப் பக்கத்தில் சேருங்கள். சந்திப்பு, கடிதம், விசாரிப்பு எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள்.

சந்திப்புக்கு முன்பதிவு செய்ய வேண்டும். சிறைத்துறையின் இணையச் சேவையில் செய்யலாம். நேரடிச் சந்திப்பும் உண்டு, திரை வழியாகச் சந்திப்பதும் உண்டு. பதிவை உறுதி செய்த பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத் தேதியன்று சந்திப்புப் பதிவு செய்யாதீர்கள். அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டு போயிருப்பார்கள், நீங்கள் சாங்கிவரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

உள்ளே கைபேசி கொண்டுபோக முடியாது, பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். ஃபோனிலேயே எல்லாவற்றையும் வைத்திருந்தவர்கள் அந்த நேரத்தில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். நேரம் குறைவு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் அழுவார், நீங்கள் அழுவீர்கள், கேட்க வேண்டியது மறந்துபோகும். ஆகவே முந்தின இரவே குறிப்புப் பக்கத்திலிருந்து ஒரு சின்னத் தாளில் நான்கு வரி எழுதி, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடுத்த தேதி. வழக்கறிஞர் சொன்னது. அவர் கேட்க விரும்புவது. வீட்டில் யார் எப்படி. வெளியே வந்தவுடன், பேருந்து ஏறும் முன், அவர் சொன்னதை ஃபோனில் எழுதிவிடுங்கள்.

ஊரில் குடும்பம் இருந்தால் நேரக்கணக்கில் கவனம் வேண்டும். இங்கே காலை ஒன்பது என்றால் தமிழ்நாட்டில் ஆறரை. "ஒன்பது மணிக்குக் கோர்ட்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் இந்திய நேரம் ஒன்பதுக்குச் சாமி கும்பிட்டுக்கொண்டு காத்திருப்பார்கள், இங்கே எப்போதோ முடிந்திருக்கும். இரண்டு நேரத்தையும் சேர்த்து ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். குற்றப்பத்திரிகையின் படத்தை அனுப்பாதீர்கள். குழுவிலிருந்து குழுவுக்குப் போய், பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளியே வந்துவிட்டால் அதுவே இன்னொரு சட்டச் சிக்கல். சில வழக்குகளில் பெயர் வெளியிட நீதிமன்றத் தடை இருக்கும்.

அவருடைய எண்ணை உயிரோடு வையுங்கள்

இதை யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். ஆள் உள்ளே இருக்கும் மாதங்களில் அவருடைய கைபேசி இணைப்புக்கான கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். மலிவான திட்டத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முன்பணம் கட்டும் அட்டை என்றால் காலாவதி தேதியைக் குறித்து வைத்து நிரப்புங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவெண்ணும், அரசுச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் சரிபார்ப்பும் அந்த எண்ணைத்தான் தேடிப்போகும். எண் போய்விட்டால் வெளியே வந்த முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு முகப்பிலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

என் தம்பி வெளியே வந்த காலை, நான் ஒரு சட்டை, ஒரு பழைய ஃபோன், மின்னூட்டி, நடப்பில் இருந்த அவன் எண்ணின் புதுச் சிம் நான்கையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவன் சட்டையைக்கூட அப்புறம்தான் மாற்றினான். முதலில் ஃபோனை வாங்கி, அம்மாவின் எண்ணை மனப்பாடமாக அழுத்தினான்.